முப்பிடாதியை எழுதிக் கொடுத்ததும் திரும்ப வாங்கியதும்

முதல் நாவலோ இரண்டாவது நாவலோ வெளிவந்து, சென்னையிலிருந்து யாராவது கதை கேட்டுக் கூப்பிடும் கட்டத்தில் இருக்கிற எழுத்தாளர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் உருவாக்கிய ஒரு பெண்ணைப் பற்றி நானே ஒரு வரி எழுதக் கூடாது என்ற நிலையில் ஏறத்தாழ இரண்டு வருடம் இருந்தேன். பணம் போனது, தூக்கம் போனது, ஒரு நாவல் கையெழுத்துப் பிரதியாகவே பீரோவில் கிடந்தது. யாரைக் கேட்பது என்றுகூட அப்போது தெரியவில்லை. நாலு எழுத்தாளர்கள் கூடினால் மொழியைப் பற்றிப் பேசுகிறோம், விருதைப் பற்றிப் பேசுகிறோம். ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. அதனால் எனக்கு நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முப்பிடாதி என் நாவலுக்குள் வந்தபோது அவளுக்கு இரண்டு அத்தியாயம்தான் ஒதுக்கியிருந்தேன். கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் நடக்கிற கதை அது. எண்பதுகளில் விடியற்காலையிலேயே ஊர் ஊராக வண்டி வந்து பெண்களையும் சிறுமிகளையும் ஏற்றிக்கொண்டு போகும். அந்த வண்டியில் ஏறுகிற ஒரு சிறுமிதான் நாயகி. அவளுக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படி வந்தவள்தான் முப்பிடாதி. நாற்பது வயது, புருஷன் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் குரோஸ் கணக்கில் அவளை ஏமாற்ற எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் முடியாது. நூற்று நாற்பத்து நான்கு பெட்டி ஒரு குரோஸ். பிள்ளைகள் ஒட்டிய பெட்டியில் நாலு குறைத்து எழுதினால், "எண்ணுங்க அண்ணாச்சி, நான் இங்கனேதான் நிக்கேன்" என்று அசையாமல் நிற்பாள். அந்த வசனத்தை எழுதிய காலையில் என் கை நடுங்கியது நினைவிருக்கிறது. அதுவரை நான் அவளை எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவள் என்ன சொல்வாள் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

இதை வெளியில் சொன்னால் மிகையாகப் படும் என்று பல எழுத்தாளர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நான் சொல்கிறேன். அந்த நாலைந்து வருடம் முப்பிடாதி எங்கள் வீட்டில் இருந்தாள். ஜவுளிக் கடையில் அரக்கு நிறத்தில் ஒரு சுங்குடியைப் பார்த்தால், இது அவளுக்கு எடுப்பாக இருக்கும் என்று தோன்றும். ரேஷன் கடை வரிசையில் யாராவது முந்தினால், அவள் என்ன கேட்டிருப்பாள் என்று மனம் ஓடும். நான் எழுதிவிட்டு அடுப்படிக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "இன்னைக்கு மதினி என்ன சொல்லுதா?" என்று கேட்பார். அவருக்கு அவள் மதினி ஆகிவிட்டாள். என் மகள் ஒருமுறை, "அம்மா, அவங்கள மட்டும் சாகடிச்சிராத" என்றாள். நான் சாகடிக்கவில்லை. தீ விபத்து அத்தியாயத்தில் அவள் போய்ச் சேர்வதாகத்தான் முதல் திட்டம். எழுதும்போது முடியவில்லை. வேறொருத்தியைக் காப்பாற்றிவிட்டு, வெந்த கையோடு வெளியே வருகிறாள். நாவலுக்கும் அதுதான் சரி என்று பிறகு தெரிந்தது.

இங்கே ஒரு விஷயம். பாத்திரத்தின் மீது வருகிற இந்தப் பிரியத்தைப் பலவீனம் என்று சொல்பவர்கள் உண்டு. கண்டிப்பாக இல்லை. வாசகர் நம்புகிற ஆள் இப்படித்தான் பிறக்கிறாள். ஆனால் அந்தப் பிரியம் உங்களுக்குள் நடப்பதை வெளியில் யாரும் பார்க்க முடியாது. அதனால் தடயம் வைத்துக்கொள்ளுங்கள். நான் முப்பிடாதிக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தேன். அவள் பிறந்த ஊர், சொல்லடை, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்தக் காலில் வலி என்று எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தேன். அத்தியாயங்களை அவ்வப்போது எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிவைப்பேன், கணினி கெட்டுப்போனால் தொலையக் கூடாதே என்று. பின்னால் வக்கீலிடம் போனபோது, இரண்டாம் நாவலை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுதத் தொடங்கியிருந்தேன் என்று காட்ட அந்தத் தேதிகள்தாம் கைகொடுத்தன.

புத்தகம் வந்தது. பத்து சதவீத ராயல்டி, முதல் பதிப்பு 500 படி. பதிப்பாளர் நல்ல மனிதர், ஒன்றரைப் பக்க ஒப்பந்தம். அதில் அச்சுப் புத்தக உரிமை மட்டும்தான் அவருக்கு. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை எல்லாம் ஆசிரியருக்கே என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியின் அருமை அப்போது எனக்குத் தெரியாது. உங்கள் புத்தக ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த பதிப்புக்கு முன் சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான தமிழ்ப் பதிப்பாளர்கள் மறுக்க மாட்டார்கள்.

பிறகுதான் அந்த அழைப்பு. தொடர்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனம். பேசிய தம்பி நாவலை உண்மையிலேயே வாசித்திருந்தார். முப்பிடாதியின் வசனங்களை மனப்பாடமாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைத் தவிர இன்னொருவர் அவளை இவ்வளவு நேசிக்கிறார் என்ற சந்தோஷம் அது. மொத்தம் இரண்டு லட்சம், முன்பணம் 50 ஆயிரம், மீதி படப்பிடிப்பு தொடங்கும்போது. புத்தகத்தின் ராயல்டியாக அதுவரை வந்தது அதில் பாதிகூட இல்லை. சென்னைக்குப் போனேன். கதை டிஸ்கஷன், காபி, மரியாதை. ஆங்கிலத்தில் பதினைந்து பக்க ஒப்பந்தம். "ஸ்டாண்டர்டு ஃபார்மேட்தான் மேடம், எல்லாரும் போடுறதுதான்" என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். டி.டி.எஸ். என்கிற வரிப் பிடித்தம் பத்து சதவீதம் போக 45 ஆயிரம் கணக்கில் ஏறியது. அன்று ஊருக்குத் திரும்பும் ரயிலில் இரண்டாவது நாவலின் அத்தியாயம் ஒன்றைத் திருத்திக்கொண்டே வந்தேன். வெந்த கையோடு வெளியே வந்த முப்பிடாதி, ஆலை மூடிய பிறகு எப்படிப் பிழைத்தாள் என்பதுதான் அந்த நாவல்.

சில மாதம் கழித்து மின்னஞ்சலில் முதல் பத்து எபிசோடின் ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், வந்தது. முப்பிடாதி அதில் முதலாளியின் ஆள். ஊர் ஊராகப் போய்ப் பெற்றவர்களிடம் முன்பணம் கொடுத்துச் சிறுமிகளைப் பிடித்து வருகிறவள். கதைக்கு ஒரு வில்லி வேண்டும் என்று தீர்மானித்திருந்தார்கள். வலுவான பெண் பாத்திரம் அவள்தானே என்று அவளை ஆக்கிவிட்டார்கள். நான் முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒருவரைப் பற்றிப் பழி சொன்னால் வருகிற கோபம் இல்லை அது. பழி சொல்லப்பட்டவளுக்குப் பேச வாய் இல்லை, அவளுக்காகப் பேச வேண்டியவள் நான், நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். போன் செய்து கேட்டபோது அந்தத் தம்பி வருத்தப்பட்டார்; அவர் கையில் எதுவும் இல்லை. மேலே உள்ளவர் சொன்னது ஒரே வரிதான்: மாற்றுவதற்கு எங்களுக்கு உரிமை இருக்கிறது, பதின்மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள்.

நாவல் படமாகும்போது மாறும் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆர்.கே. நாராயண் எழுதி 1958இல் வெளிவந்த 'கைடு' நாவல் 1965இல் இந்திப் படமானபோது, அவருடைய மால்குடி காணாமல் போய் உதய்பூரின் அரண்மனைகள் வந்தன. அந்த மனக்குறையை அவர் ஒரு கட்டுரையாகவே எழுதினார். ஆனால் அவருடைய நாவல் நாவலாக அப்படியே இருந்தது. என் சிக்கல் அதைவிடப் பெரியது என்று சில வாரத்தில் தெரிந்தது.

இரண்டாம் நாவலை முடித்துப் பதிப்பாளரிடம் கொடுத்தேன். ஜனவரிப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவரலாம் என்றார். மெய்ப்பு பார்த்தாகிவிட்டது, அட்டை தயார். எதற்கும் இருக்கட்டும் என்று திரை ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கித் தன் நண்பரான வக்கீலிடம் காட்டினார். மறுநாள் போன் செய்து, "அம்மா, இதை நான் அச்சுக்கு அனுப்ப முடியாது" என்றார். ஒப்பந்தத்தின் ஒரு பத்தியில், நாவலின் கதையோடு அதிலுள்ள பாத்திரங்கள், அவர்களின் பெயர்கள், அவர்களை வைத்து எழுதப்படும் முன்கதை, பின்கதை எல்லாவற்றையும், எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரையின்றி நிறுவனத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று இருந்தது. எல்லா ஊடகங்களிலும் என்றால் அச்சும் சேர்த்தி. முப்பிடாதியை வைத்து நான் நாவல் எழுதி வெளியிடுவதென்றால் அவர்கள் அனுமதி வேண்டும். கேட்டோம். பதிலே இல்லை. மறுபடி கேட்டோம். முடியாது என்று ஒரு வரி வந்தது. தொடரும் எடுக்கவில்லை. மீதி ஒன்றரை லட்சமும் வரவில்லை, படப்பிடிப்பு தொடங்கினால்தானே வரும்.

அந்த நாட்களில் நெருங்கியவர்கள் சொன்ன ஆறுதல் ஒன்றே ஒன்று: பேரை மாற்றிப் போட்டுவிடு. முப்பிடாதியை மாரியம்மாள் ஆக்கு, கோவில்பட்டியைச் சாத்தூர் ஆக்கு. நான் முயன்று பார்த்தேன். கணினியில் பெயரை மாற்ற ஒரு நொடி போதும். மாற்றிவிட்டு வாசித்தால் வசனங்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. "எண்ணுங்க அண்ணாச்சி" என்று மாரியம்மாள் சொல்லும்போது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்ளலாமே என்றார்கள். உருவாக்கலாம்தான். ஆனால் சில பாத்திரங்கள் ஒரு கதையோடு முடிவதில்லை. ஜெயகாந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை. அந்தப் பெண்ணை அவரால் விட முடியவில்லை. அவளுடைய அம்மா வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுக்கொண்டு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார், அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது. நாவலில் அந்தப் பெண்ணின் பெயர் கங்கா. அப்போதும் அவள் அவரை விடவில்லை, 'கங்கை எங்கே போகிறாள்' வந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முடிந்த பிறகு, அவரவர் கதி என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்டுக் கேட்டு, அதற்கென்றே அவர் முடிவுரை எழுத வேண்டியிருந்தது. சிறுகதை வெளிவந்த கையோடு யாராவது ஜெயகாந்தனிடம் என்னுடையதைப் போல ஒரு தாளை நீட்டி, அவரும் கையெழுத்திட்டிருந்தால் நமக்குக் கங்கா கிடைத்திருக்க மாட்டாள். திரும்பிப் போகும் வழி எழுத்தாளரின் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டு வருடத்தில் நான் கற்றவற்றில் இதைத்தான் முதலாவதாகச் சொல்வேன்.

பதிப்பாளரின் நண்பர் வழியாக, பதிப்புரிமை வழக்குகளை நடத்தும் ஒரு வக்கீலிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர், "அக்கா" என்றுதான் கூப்பிட்டார். முதல் சந்திப்பில் என்னைத் திட்டாதவர் அவர் ஒருவர்தான். அவர் சொல்லித் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன், உங்கள் விஷயத்துக்கு உங்கள் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுதான் நமக்கு முக்கியம். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிட வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும், ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். என் ஒப்பந்தத்தில் இந்த மூன்று பாதுகாப்பையும் மூன்று சின்ன வாக்கியத்தில் அடைத்திருந்தார்கள். "காலவரையின்றி", "உலகம் முழுவதும்", "பயன்படுத்தாவிட்டாலும் உரிமை காலாவதியாகாது". ஆகவே யார் ஒப்பந்தம் நீட்டினாலும் முதலில் தேட வேண்டியவை இந்த மூன்றும்தான். ஒரு வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. அதே நிதானம் இதற்கும் வேண்டும். ஆங்கிலம் சரியாகப் புரியாவிட்டால் கூச்சப்படாமல், தமிழில் எழுதிக் கொடுங்கள், ஒரு வாரம் கழித்துச் சொல்கிறேன் என்று வந்துவிடுங்கள். கதை மீது உண்மையான விருப்பம் உள்ளவர்கள் ஒரு வாரம் காத்திருப்பார்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகும் எழுத்தாளரிடம் தங்குகிற ஓர் உரிமை உண்டு என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். 57ஆம் பிரிவு. இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், என் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவோ இழப்பீடு கேட்கவோ ஆன உரிமையும் பதிப்புரிமையை முழுக்க மாற்றிக் கொடுத்த பிறகும் நம்மிடமே இருக்கும். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன்னுடைய 'ஆப் கா பண்டி' நாவலைப் படமாக்கியவர்கள் சிதைத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். டெல்லி உயர் நீதிமன்றம் 1986இல், ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் எழுத்தாளருக்கு இந்தப் பிரிவின் பாதுகாப்பு உண்டு என்று தெளிவாகச் சொன்னது. அம்மாவும் அப்பாவும் பிரிந்ததில் தவிக்கிற ஒரு சிறுவனின் கதை அது. அந்தச் சிறுவனுக்காக ஓர் எழுத்தாளர் நீதிமன்றப் படி ஏறினார் என்பது எனக்கு அந்த வாரம் முழுக்கத் தெம்பாக இருந்தது. நான் கிறுக்கு இல்லை, எனக்கு முன்னால் இந்த வழியில் ஒருத்தி நடந்திருக்கிறாள்.

என் விஷயத்தில் தொடர் வெளியாகவே இல்லை என்பதால், சிதைத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டால் அது பலமாக நிற்காது என்று வக்கீல் சொன்னார். ஒப்பந்த நிபந்தனை எழுத்தாளருக்கு மிகக் கடுமையாக இருந்தால் ரத்து செய்யக் கேட்க 19-ஏ பிரிவு இருக்கிறது, ஆனால் கையெழுத்திட்டு ஐந்து வருடம் ஆகாமல் அந்த ஆணை கிடைக்காது. எனவே நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போவதென்று முடிவு. ஒன்லைன் வந்த மின்னஞ்சல், நான் அனுப்பிய ஆட்சேபம், என் நோட்டில் இருந்த தேதிகள், மீதிப் பணம் வராத கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து நோட்டீஸ் போனது. போனில் பேசிய எதற்கும் சாட்சி இல்லை. "அக்கா, இனிமே யார் போன்ல என்ன சொன்னாலும், வச்ச உடனே நீங்க பேசினதை ஒரு மெயிலா போட்டுருங்க" என்று வக்கீல் சொன்னார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு முறையும் சென்னைக்குப் போக விடுப்பு, ரயில், தங்கல். கடைசியில் அவர்கள் ஒப்புக்கொண்டது இது: முன்பணம் 50 ஆயிரத்தையும் நான் திருப்பித் தர வேண்டும், அவர்கள் எழுத்துக் குழுவுக்குச் செலவு செய்ததாகச் சொன்ன 40 ஆயிரத்தையும் தர வேண்டும், கொடுத்தால் எல்லா உரிமையையும் எனக்கே திரும்ப எழுதிக் கொடுப்பார்கள். என் கையில் வந்தது 45 ஆயிரம். வக்கீல் கட்டணம், போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் என் பக்கம் செலவு. என் நாவல்கள் மூலம் வாழ்நாளில் அவ்வளவு சம்பாதிப்பேனா என்று தெரியாது. வக்கீலே, "இன்னொரு தடவை யோசிச்சுக்கோங்க" என்றார். வீட்டுக்காரரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தது. மகளின் கல்லூரிக்குச் சேர்த்த சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அவர் பாஸ்புக்கை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "மதினிய அங்க விட்டுட்டு எப்படி இருக்க?" என்று மட்டும் கேட்டார். மகள் மறுப்பே சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பணத்தைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் ரத்து என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. உரிமையை மாற்றிக் கொடுத்திருந்தால், அதே அளவுக்குத் தெளிவாகத் திரும்ப மாற்றித் தரும் பத்திரம் வேண்டும். முதல் ஒப்பந்தத்தின் தேதி, அதில் கொடுத்த ஒவ்வோர் உரிமையும், பாத்திரங்களின் பெயரும், அவர்கள் எழுதிய திரைக்கதைப் படிகளை இனி பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதியும் அதில் இருக்க வேண்டும். அதற்கிடையில் அந்த உரிமையை வேறு யாருக்கும் விற்கவில்லை என்ற வாக்குறுதியும் வேண்டும். இந்தக் கடைசி வரியை வக்கீல் கேட்டு வாங்கினார், எனக்குத் தோன்றியிருக்காது.

பதிப்புரிமையைப் பதிவு செய்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலரும் கேட்பதால். எழுதி முடித்தவுடனேயே உரிமை நமக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் தகராறு என்று வந்தால் பதிவுச் சான்று நல்ல ஆதாரம். பதிப்புரிமை அலுவலகத்தின் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய்தான் கட்டணம். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்க முப்பது நாள் காத்திருப்பு உண்டு, சான்றிதழ் வர அதற்கும் மேலே ஆகும். இரண்டு நாவலையும் பதிவு செய்துவிட்டேன்.

இரண்டாம் நாவல் ஒரு புத்தகக் காட்சி தள்ளி வெளிவந்தது. அதற்குப் பிறகு இன்னொரு குழு கேட்டு வந்தார்கள். இந்த முறை நான் போகவில்லை, அவர்கள் வந்தார்கள். முழு உரிமை மாற்றம் இல்லை, ஒன்றரை வருடத்துக்குள் படமாக்கிக்கொள்ளலாம் என்ற ஆப்ஷன் மட்டும். அதற்குள் எடுக்காவிட்டால் தானாகவே எனக்குத் திரும்பிவிடும், முன்பணம் திருப்பித் தர வேண்டியதில்லை. முதல் நாவலின் திரை வடிவம் மட்டும்தான் அவர்களுக்கு, பாத்திரங்களை வைத்து எழுதும் எந்தக் கதையும் நாவலும் எனக்கே. கடைசியாக ஒரு வரியை நானே தமிழில் எழுதிச் சேர்க்கச் சொன்னேன். அவர்கள் தரப்பு வக்கீல், இப்படியெல்லாம் ஒப்பந்தத்தில் போடுவதில்லை என்றார். போடாவிட்டால் கையெழுத்து இல்லை என்றேன். போட்டார்கள். "முப்பிடாதி என்ற பாத்திரம் எந்தக் காட்சியிலும் குழந்தைகளை வேலைக்குப் பிடித்துத் தருபவளாகவோ, அதற்கு உடந்தையாகவோ காட்டப்படக் கூடாது."